லென்ஸுக்கும் கடைசி தேதி சொல்லுங்கள்!

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் வழங்கி வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. இது திடீர் அறிவிப்பு அல்ல. 2015இல் விண்டோஸ் 10 வெளியானபோதே இந்தத் தேதியை மைக்ரோசாப்ட் தன் இணைய தளத்தில் போட்டு வைத்திருந்தது. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 என்று முந்தைய பதிப்புகளுக்கும் தேதிகள் முன்கூட்டியே தெரிந்திருந்தன. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அதைப் பார்த்து, எப்போது மாற வேண்டும், எப்போது பணம் சேர்க்க வேண்டும் என்று திட்டமிட முடிந்தது.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு நல்ல கேமரா. குழந்தையின் பிறந்த நாள், கோயில் திருவிழா, வீட்டுக் கல்யாணம் என்று படம் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைக்கலாம் என்ற ஆசைதான். சிறிது நாளில் கேமராவை விட அதிக விலையில் ஒரு லென்ஸும் வாங்குவோம். அந்த லென்ஸுக்கு எத்தனை வருடம் சர்வீஸ் கிடைக்கும் என்று பெட்டியில் எங்காவது போட்டிருக்கிறதா? உங்களிடம் பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். வாரண்டி ஒரு வருடம் அல்லது இரண்டு வருடம் என்று இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு, காசு கொடுத்தாவது சரி செய்துகொள்ள எத்தனை வருடம் முடியும் என்பது இருக்காது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

லென்ஸுக்குள் ஒரு சின்ன கம்ப்யூட்டர்

லென்ஸ் என்றால் வெறும் கண்ணாடி என்று பலர் நினைக்கிறார்கள். ஐம்பது வருடங்களுக்கு முந்தைய லென்ஸுக்கு அது ஓரளவு பொருந்தும். கண்ணாடி, பித்தளை அல்லது அலுமினிய உருளை, கையால் திருப்பும் வளையம் ஆகியவைதான் அதில் இருக்கும். அதை நல்ல மெக்கானிக் யாரும் பிரித்து, சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு மாட்டி விடுவார்.

இப்போதைய ஆட்டோபோகஸ் லென்ஸ் அப்படி இல்லை. உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, போகஸ் செய்யும் மோட்டார், அபெர்ச்சர் இதழ்களைத் திறந்து மூடும் இன்னொரு சிறிய மோட்டார், கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசர் எல்லாம் உண்டு. இவற்றை இணைப்பது காகிதம் போல் மெல்லிய பிளெக்ஸ் கேபிள். ஜூம் செய்யும்போதெல்லாம் இந்த கேபிள் மடங்கி நிமிரும். பல ஆயிரம் முறை மடங்கிய பிறகு உள்ளே இருக்கும் செம்புக் கோடு விட்டுப் போகும். லென்ஸின் பின்பக்கம் தெரியும் தங்க நிறப் புள்ளிகள் வழியாக கேமராவும் லென்ஸும் பேசிக் கொள்கின்றன. பேச்சு நின்றால் கேமரா திரையில் எர்ரர் செய்தி வரும்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கேனன் 1988இல் வெளியிட்ட 200 மி.மீ. எப் 1.8 லென்ஸ் புகழ் பெற்றது. அதில் கையால் போகஸ் செய்யும் வளையம்கூட மின்சாரம் மூலம் மோட்டாரைத்தான் இயக்குகிறது. மோட்டாரோ போர்டோ போய்விட்டால், கையால் திருப்பினாலும் போகஸ் நகராது. கண்ணாடி அத்தனையும் அப்பழுக்கில்லாமல் இருக்கும், ஆனால் படம் எடுக்க முடியாது. அந்த லென்ஸின் உற்பத்தி எப்போதோ நின்று விட்டது. அதன் இடத்தில் 2008இல் எப் 2 லென்ஸ் வந்தது.

எனக்கு நடந்தது

அம்பத்தூரில் என் வீட்டில் 2009இல் பில்லோடு வாங்கிய ஒரு ஜூம் லென்ஸ் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெரிய நிறுவனம்தான். 2021இல் அதில் ஒரு கோளாறு வந்தது. அபெர்ச்சரை முழுதாகத் திறந்து எடுத்தால் படம் வரும். கொஞ்சம் குறைத்தால் எர்ரர் வரும். லென்ஸின் பின்பக்கப் புள்ளிகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். பலன் இல்லை.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். பரிசோதனைக் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 590 ரூபாய். பத்து நாள் கழித்து போன் வந்தது. "சார், இது டிஸ்கன்டினியூ ஆன மாடல். ஸ்பேர் இல்லை. வேண்டுமானால் இதைக் கொடுத்துவிட்டு புதிய மாடலை 15 சதவீத தள்ளுபடியில் எடுத்துக் கொள்ளலாம்" என்றார்கள். எப்போதிலிருந்து ஸ்பேர் இல்லை என்று கேட்டேன். அந்தத் தகவல் அங்கே யாரிடமும் இல்லை. தள்ளுபடி போக அவர்கள் சொன்ன விலைக்கே அண்ணா சாலையில் அதே லென்ஸ் கிடைத்தது. அங்கே பழைய லென்ஸைக் கொடுக்கத் தேவையும் இல்லை!

லென்ஸைத் திரும்ப வாங்கி ஒரு தனியார் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் ஐந்து நிமிடம் ஆட்டி, திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், அபெர்ச்சர் கேபிள் கட். வேற ஒண்ணும் இல்லை. கேபிள் வெளியில் இருந்து வரவழைக்கணும், ரெண்டு வாரம் ஆகும்" என்றார். மொத்தம் 2,200 ரூபாய். இன்றும் அந்த லென்ஸ் வேலை செய்கிறது.

ஆனால் கதை முழுக்க சுபம் என்று சொல்ல மாட்டேன். லென்ஸைப் பிரித்து மாட்டினால் போகஸ் அளவுகளைத் திரும்பச் சரி செய்ய வேண்டும். அதற்கு நிறுவனத்தின் சர்வீஸ் சாப்ட்வேர் தேவை. அது வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைப்பதில்லை. அதனால் என் லென்ஸில் போகஸ் ஒரு நூல் முன்னே விழுகிறது. கேமராவில் உள்ள நுண் திருத்த வசதியை வைத்து ஈடுகட்டிக் கொள்கிறேன். இந்த வசதி இல்லாத கேமராவாக இருந்தால் அதுவும் முடியாது.

நான் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவன். எனக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். ஆவடியில் சிறிய ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு இதே மாடல்தான் சோறு போட்டது. அவருடைய லென்ஸில் போகஸ் மோட்டார் முதலில் சத்தம் போட ஆரம்பித்தது. வேலை செய்கிறதே என்று விட்டு வைத்தார். ஆவணி மாத முகூர்த்தம் ஒன்றில், பூந்தமல்லி மண்டபத்தில், தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன் அது நின்று போனது. இன்னொரு கேமரா கையில் இருந்ததால் மானம் தப்பியது. மோட்டார் கேபிள் மாதிரி வெளியில் கிடைக்கும் சாமான் இல்லை. சர்வீஸ் சென்டரிலும் இல்லை. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, ஸ்பேர் நிக்கப்போகுதுன்னு ஒரு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா, சத்தம் வந்தப்பவே குடுத்து மாத்தியிருப்பேன்."

அவர் இலவசமாக எதையும் கேட்கவில்லை. தேதியைத்தான் கேட்கிறார்.

நிறுவனங்களின் பக்கம்

நியாயமாகப் பார்த்தால் நிறுவனங்களுக்கும் கஷ்டம் உண்டு. ஒவ்வொரு மாடலுக்கும் நூற்றுக்கணக்கான பாகங்கள். அவற்றைக் கிடங்கில் வைத்திருக்க இடமும் பணமும் வேண்டும். லென்ஸ் கண்ணாடிகளை ஒன்றிரண்டாகச் செய்ய முடியாது. மொத்தமாகத்தான் செய்வார்கள். சில பழைய கண்ணாடிகளில் ஈயம் உண்டு. சுற்றுச்சூழல் விதிகள் வந்த பிறகு அந்தக் கண்ணாடியையே உருக்குவதை நிறுத்தி விட்டார்கள்.

சில நேரம் நிறுவனமே அந்தத் தொழிலை விட்டுப் போய்விடும். கோனிகா மினோல்டா 2006 ஜனவரியில் கேமரா தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தது. பழைய வாடிக்கையாளர்களுக்கு சர்வீஸ் செய்யும் பொறுப்பு சோனியிடம் போனது. ஒலிம்பஸ் தன் கேமரா பிரிவை 2021 ஜனவரியில் வேறு கைக்கு மாற்றியது. அது இப்போது ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் நடக்கிறது.

ஆகவே, ஆயுள் முழுக்க ஸ்பேர் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது நடக்காது. நடக்க முடிந்ததை மட்டும் கேட்போம்.

புதியது தருகிறேன் என்பது சர்வீஸ் ஆகாது

பழையதைக் கொடு, தள்ளுபடியில் புதியது வாங்கு என்பது விற்பனை உத்தி. அதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லென்ஸ் தனியாக வேலை செய்யாது. கேமராவோடு பொருந்த வேண்டும். நிக்கானும் கேனனும் 2018இல் முழு பிரேம் மிர்ரர்லெஸ் கேமராக்களுக்குப் புதிய மவுண்ட் கொண்டு வந்தன. இப்போது புதிய லென்ஸ் என்று அவர்கள் காட்டுவது பெரும்பாலும் அந்த மவுண்ட்டுக்கு உரியது. உங்கள் பழைய டிஎஸ்எல்ஆரில் அது ஏறாது. லென்ஸ் மாற்றப் போனவர் கேமராவையும் மாற்ற வேண்டி வரும்.

பழைய லென்ஸைப் புதிய கேமராவில் மாட்ட அடாப்டர் உண்டு. ஆனால் எல்லா லென்ஸுக்கும் எல்லா வசதியும் வராது. நிக்கானின் பழைய ஏஎப்-டி வகை லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. கேமரா உடலில் உள்ள மோட்டார்தான் அவற்றைச் சுழற்றும். 2018இல் வந்த நிக்கான் எப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லாததால், அந்த லென்ஸ்களைக் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். சோனி 2020இல் வெளியிட்ட எல்ஏ-இஏ5 அடாப்டரில் மோட்டாரை உள்ளேயே வைத்தார்கள். அதனால் மினோல்டா காலத்து லென்ஸ்கள்கூட, சில குறிப்பிட்ட சோனி கேமராக்களில் ஆட்டோபோகஸ் ஆகின்றன. மினோல்டா அந்த மவுண்ட்டை அறிமுகப்படுத்தியது 1985இல். மனது வைத்தால் வழி உண்டு என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

கை வேலைக்கு நம்மிடம் பஞ்சம் இல்லை

பழைய சாதனத்தைச் சரி செய்யும் திறமை இந்தியாவில் இல்லை என்று யாராவது சொன்னால் எங்கள் பகுதிக்கு வரச் சொல்லுங்கள். ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. பிறகு அங்கே டி-72 டாங்கிகள் தயாராயின. பல வருடம் ஓடிய டாங்கிகளைப் பிரித்து ஓவர்ஹால் செய்யும் வேலையும் அங்கேயே நடக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964 முதல் இருக்கிறது. அதன் லேத் பட்டறைகளில் ஒரு சிறிய வளையமோ பல் சக்கரமோ மாதிரி காட்டினால் செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள்.

டாங்கியை ஓவர்ஹால் செய்ய முடிவதற்குக் காரணம், அதன் வரைபடமும் அளவுகளும் தொழிற்சாலையில் இருக்கின்றன. லென்ஸ் மெக்கானிக்கிடம் இல்லாதது அதுதான். சர்வீஸ் மேனுவல் இல்லை, ஸ்பேர் இல்லை, அளவு சரி பார்க்கும் சாப்ட்வேர் இல்லை. கண்ணால் பார்த்து, அனுபவத்தை வைத்தே அவர் வேலை செய்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை குறித்து ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலெக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் முதலில் எடுத்துக் கொள்ளப்பட்டன. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், இதற்கென ஒரு இணைய தளமும் தொடங்கப்பட்டது. நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அங்கே தரலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் தருவதும் தராததும் அவர்கள் விருப்பம்.

கார் விஷயத்தில் இதைவிட உறுதியான ஒன்று நடந்தது. ஸ்பேர் பார்ட்ஸும் பழுது பார்க்கும் கருவிகளும் வெளிச் சந்தையில் கிடைக்காதபடி செய்தது தவறு என்று 14 கார் நிறுவனங்களுக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் உத்தரவிட்டது. காருக்குப் பொருந்தும் நியாயம் கேமராவுக்கும் பொருந்தாதா?

வெளிநாட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி, 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள எலெக்ட்ரானிக் பொருள்களுக்கு, அந்த மாடலின் உற்பத்தி முடிந்து 7 வருடம் வரை ஸ்பேரும் கருவியும் சர்வீஸ் விவரமும் தர வேண்டும். ஐரோப்பிய யூனியனில் ஸ்மார்ட்போன், டேப்லெட் ஆகியவற்றுக்கு இதே போன்ற 7 வருட விதி 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானில் கேனன் தன் டிஎஸ்எல்ஆர் கேமரா கையேடுகளிலேயே, உற்பத்தி நின்ற பிறகு ஸ்பேர் எத்தனை வருடம் வைத்திருக்கப்படும் என்று அச்சிட்டது. எந்த மாடலுக்கு எந்த மாதத்துடன் சர்வீஸ் முடிகிறது என்ற பட்டியலும் அங்கே இணையத்தில் உண்டு. ஜப்பானியருக்குச் சொல்ல முடிவதை நமக்கும் சொல்லலாமே!

நான் கேட்பது நான்கு

1. லென்ஸ் பெட்டியிலும் வாரண்டி கார்டிலும், உற்பத்தி நின்ற பிறகு குறைந்தது எத்தனை வருடம் சர்வீஸ் உண்டு என்று அச்சிட வேண்டும்.

2. ஸ்பேர் முடியப் போகும் மாடல்களின் பட்டியலை ஒரு வருடம் முன்பே வெளியிட வேண்டும். பதிவு செய்த வாடிக்கையாளருக்கு ஈ-மெயிலோ எஸ்எம்எஸ்ஸோ போக வேண்டும்.

3. சர்வீஸ் நின்ற மாடலின் மேனுவலையும் சரி பார்க்கும் சாப்ட்வேரையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தர வேண்டும். தாங்களே செய்யாத வேலையை மற்றவர் செய்வதால் நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்?

4. மாற்று லென்ஸ் தருவதாகச் சொன்னால், அது வாடிக்கையாளரின் இப்போதைய கேமராவில் முழு வசதியோடு வேலை செய்யுமா என்பதை எழுத்தில் தர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியவை

லென்ஸ் வாங்கும் முன், அந்த மாடல் எந்த வருடம் வெளியானது என்று இன்டர்நெட்டில் பாருங்கள். மிகப் பழைய மாடல் பெரிய தள்ளுபடியில் வந்தால், அது நிற்கப் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். சர்வீஸ் எத்தனை வருடம் என்று நிறுவனத்துக்கு ஈ-மெயில் அனுப்பிக் கேளுங்கள். பதிலைக் கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். பில், வாரண்டி கார்டு, சீரியல் நம்பர் ஆகியவற்றைப் படம் எடுத்து ஒரு தனி போல்டரில் போடுங்கள்.

ஜூம் செய்யும்போது புதிய சத்தம், சில நேரம் மட்டும் வரும் எர்ரர், போகஸ் தடுமாற்றம் போன்றவை தெரிந்தால் தள்ளிப் போடாதீர்கள். உற்பத்தி நின்ற மாடலாக இருந்தால் இன்னும் அவசரம்.

சென்னையின் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சகஜம். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்தால் சீக்கிரம் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரும் உள்ளே இருக்கட்டும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. பூஞ்சை கண்ணாடிப் பூச்சைத் தின்பதற்கு முன் காட்டினால், வெளி மெக்கானிக்கே சுத்தம் செய்து விடுவார். இதற்கு ஸ்பேர் தேவையில்லை.

சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது கோளாறு என்ன என்று ஜாப் ஷீட்டில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஸ்பேர் இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய லென்ஸை அவசரப்பட்டு விட்டுக் கொடுக்காதீர்கள். கண்ணாடி நன்றாக இருந்தால், இன்னொருவரின் லென்ஸுக்கு அதுவே ஸ்பேர்.

வாங்கும்போது சொன்ன சர்வீஸைத் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்து விட்டது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பாக்கெட் பாலில் தேதி இருக்கிறது. மருந்து அட்டையில் தேதி இருக்கிறது. விண்டோஸுக்கே தேதி இருக்கிறது. நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் லென்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை? அடுத்த முறை கடைக்குப் போகும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்து பேர் கேட்டால் அவர் நிறுவனத்தின் பிரதிநிதியிடம் கேட்பார். அங்கிருந்துதான் மாற்றம் தொடங்க வேண்டும்.